சாவடிக்கு வந்த கதவு

நானூறு வருஷமாகக் கதவே இல்லாமல் கிடந்த ஊர்ச் சாவடிக்குப் போன வாரம்தான் கம்பிக் கதவு வந்தது. கூடவே பெரிய பூட்டும் தொங்கியது. கதவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

“உள்ளே என்னண்ணே இருக்கு?” என்று பக்கத்துக் கல்தூணைக் கேட்டது.

“வெறுந்தரைதாம்ப்பா.”

“அப்போ நான் யாரைத் தடுக்கணும்?”

“எனக்கும் அதான் விளங்கலை. இங்கே வந்து படுக்கிறவனை எந்த ஊருன்னுகூடக் கேக்கக் கூடாதுங்கிறது இந்த ஊர் வழக்கமாச்சே!”

திடீரென்று மழை கொட்டியது. ஊர் ஊராக அப்பளம் விற்கிற ராக்காயி கூடையோடு ஓடி வந்தாள். கதவை உலுக்கினாள். அது அசையவில்லை. அப்பளமெல்லாம் நனைந்து கூழாக, வாசலில் நட்டிருந்த புதுப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்:

‘வழிப்போக்கர்கள் மழைக்கு ஒதுங்க ஊரார் கட்டிய சாவடி.’

கதவு மெதுவாகக் கேட்டது: “அண்ணே, இது எந்தச் சாவடியைப் பத்தி எழுதியிருக்கு?”