அம்மாவுக்கு ஏற்ற இடம்

குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தான் ஆனந்தராஜ். "வழுக்காது சார், சொரசொரப்புக் கல்லு" என்று பொன்னியம்மாள் சொல்லியும் அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, மறுபடியும் தேய்த்தான்.

வாசலில் நின்ற அவன் மனைவி ஜெயப்ரியாவுக்குப் பெருமையாக இருந்தது. பெற்றவளுக்காக இப்படி மெனக்கெடுகிற மகன் வாலாஜாபாத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

சின்ன காஞ்சிபுரத்தில், மறதி நோய்க்காரர்களுக்கென்றே பொன்னியம்மாள் நடத்தும் இல்லம் அது. மாமியார் ரேணுகாம்பாளுக்கு இரண்டு வருஷமாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. போன மாசம் அவள் மகனுடைய ரைஸ் மில் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னென்னவோ புலம்ப ஆரம்பித்தாள். அன்றே இடம் தேடக் கிளம்பிவிட்டான் ஆனந்தராஜ்.

"இவங்க பேசறத எல்லாம் நோட்டுல எழுதி வெப்போம் சார்" என்றாள் பொன்னியம்மாள். "பழசு எதுனா சொல்லிக்கினே இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வரும்போது படிச்சிக் காட்டுவோம். அதப் புடிச்சிக்கினு நீங்க பேச்சு குடுத்தா, மனசு அடங்கும்."

ஆனந்தராஜ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "சொல்லி அனுப்பறேம்மா."

சுமோவில் ஏறியதும் ஜெயப்ரியா ஆரம்பித்தாள். "ஏங்க, நல்லாத்தானே இருக்குது? அந்தம்மா எவ்ளோ பாசமா பேசுது!"

"கோயிலாண்ட இருக்குதே, பாத்தியா? கருட சேவை வந்தா வெடி, மேளம், கூட்டம். அம்மாவுக்கு ஒத்துக்காது."

"வருசத்துக்கு ஒருநா கூட்டத்துக்கா பயப்படறீங்க?"

"அம்மாவுக்கு அமைதி வேணும் ஜெயா" என்றான் இதமாக. பின் சீட்டில் ரேணுகாம்பாள் தன் முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அடுத்த இல்லம் திருப்புட்குழி தாண்டி, வயல்களுக்கு நடுவே. மேனேஜர் மயில்வாகனம் கொட்டாவி விட்டபடியே சுற்றிக் காட்டினார். வராந்தா முழுக்க மூத்திர வாடை.

"பாத்துக்க யாரு இருக்காங்க?" என்று கேட்டான் ஆனந்தராஜ்.

"மூணு ஆயாங்க. மூணு பேரும் சித்தூர் பக்கம்."

"தமிழ் பேசுவாங்களா?"

"ஒரு வார்த்த வராது சார். நானே அவங்களாண்ட கைஜாடதான். ஆனா வேலைல கில்லாடிங்க."

இந்த முறை அவன் குளியலறைப் பக்கமே போகவில்லை. "பின்னாடி ரூம் காலியா இருக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

ஜெயப்ரியாவுக்குத் தாங்கவில்லை. "இன்னாங்க இது? அத்தைக்குத் தண்ணி வேணும்னாகூட யாராண்ட கேப்பாங்க? பொன்னியம்மா வீட்டுலயே விட்டுடலாங்க."

"அவங்க எனக்கு அம்மாவா, உனக்கு அம்மாவா?" சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட மேனேஜரோடு போய்விட்டான்.

பின்னறைக் கட்டிலில் மாமியாரை உட்கார வைத்தாள் ஜெயப்ரியா. அன்று அவள் கட்டியிருந்தது பூவாடைக்காரிக்குப் படைத்த அரக்குப் புடவை. ஆனந்தராஜின் முதல் மனைவி இந்திராணி ஸ்டவ் வெடித்து இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவன் நெல் விலை பேசத் திருமுக்கூடல் போயிருந்தானாம்.

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு, வருஷா வருஷம் பூவும் புதுப்புடவையும் வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவையை இரண்டாவதாக வந்த ஜெயப்ரியாதான் கட்டிக்கொள்வது வழக்கம்.

ரேணுகாம்பாள் அந்தப் புடவையை வெகுநேரம் பார்த்தாள். மெல்ல முகம் தெளிந்தது. வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மருமகளின் கையை இழுத்துப் பிடித்து, காதோடு சொன்னாள்:

"இந்திராணி, சமையல்கட்டுக் கதவ ஆனந்து வெளிய தாழ்ப்பா போட்டா பயந்துக்காதடி. இந்தத் தபா நான் வந்து தெறந்துடறேன்."