முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

"முந்நூத்திப் பன்னிரண்டு பேர் பாத்திருக்காங்க டீச்சர்" என்றாள் அக்கா.

மாடி வீட்டு டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தாள். அக்காவைவிட இருபத்தைந்து வயது சின்னவள், வலைத்தளம் உருவாக்கச் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கடைக்கும் கம்பெனிக்கும் தளம் செய்தார்கள். அக்கா செய்தது ஒரே ஒரு பக்கம்.

மேலே பெரிய எழுத்தில் 'காணவில்லை'. நடுவில் தம்பியின் படம். அடியில் வயது, உயரம், ஏழு மாதமாகத் தகவல் இல்லை என்று ஒரு வரி.

அந்தப் பக்கம் லேசில் வந்துவிடவில்லை. கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக ஊரார் கண்ணை எல்லாம் பரிசோதிக்கிறவள், தான் தட்டிய படத்தின் பெயரில் ஒரு எழுத்து பிசகியிருந்ததைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் தம்பியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் வந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி தட்டினாள்.

பார்வையாளர் எண்ணிக்கையும் பதில் எழுதும் கட்டங்களும் வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுத்தவை. அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

எண் ஏறிக்கொண்டே போனது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது நாற்பது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் ஐம்பத்திரண்டு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பதிலே வந்துவிட்டது.

எங்கே பார்த்தீர்கள் என்ற கட்டத்தில், 'ஜன்னல் ஓரம்'.

வேறு விவரம் என்ற கட்டத்தில், 'இடது கையில் பட்டன் இல்லை'.

பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.

பட்டன் விஷயத்தை அக்கா யாரிடமும் சொன்னதில்லை, போலீசிடம்கூட. காணாமல் போன அன்று காலை தம்பி சட்டைக் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், அப்புறம் பார்க்கலாம் போடா என்றாள். அவன் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பட்டன் இன்னும் அவள் ஊசி டப்பாவில்தான் கிடக்கிறது.

ஆகவே எழுதியவர் அவனைப் பார்த்தவர்தான். அவன் உயிரோடு இருக்கிறான். ஜன்னல் என்றால் பஸ் ஜன்னல்தான் என்று அக்காவே முடிவு கட்டினாள். அன்றிலிருந்து தினமும் கடை விட்டதும் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோர முகங்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

டீச்சர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல். இணையத்துல நீங்க இன்னும் ஏத்தவே இல்ல. இந்த மெஷின்ல மட்டும்தான் இது திறக்கும்."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. ஃபைலைத் தட்டினால் பக்கம் ஜம்மென்று திறந்தது. தன் வீட்டில் திறந்தது எல்லார் வீட்டிலும் திறக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். டீச்சர் தன் போனில் தட்டிக் காட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"அப்ப இத்தனை பேர்?"

"ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் ஒண்ணு கூடும். எல்லாம் நீங்களேதான்க்கா. பதிலும் சும்மா சோதிச்சுப் பாக்க நீங்களே எழுதியிருப்பீங்க. புதுசா கத்துக்கறவங்க எல்லாருக்கும் நடக்கறதுதான்."

ஏழு மாதம் கழித்து, இத்தனை பாடுபட்டு, வெளியில் ஒரு ஜீவன்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இதைப் போய் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

பதிலின் ஓரத்தில் நேரம் இருந்தது. செவ்வாய், காலை பதினொன்று பத்து. அந்த நேரம் அக்கா கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. இரண்டு சாவியில் ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. இன்னொன்றைத் தம்பி கொண்டுபோனான்.

"பத்து நிமிஷ வேலை, இப்பவே ஏத்திடறேன்" என்று டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "முதல்ல இந்தப் பதிலை அழிச்சிடறேன்."

"அதத் தொடாத!"

இதுவரை டீச்சரை வாங்க, போங்க என்று மட்டுமே பேசியிருந்த அக்கா, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம், இன்றைக்குத் தலை வலிக்கிறது என்று என்னவோ சொல்லிச் சமாளித்தாள். டீச்சர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அவர்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது தம்பியின் அறை. கம்ப்யூட்டரும் அவனுடையதுதான். அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில் அவன் பிரம்பு நாற்காலி, ஏழு மாதமாக நகர்த்தாமல், போட்டது போட்டபடி கிடந்தது. மத்தியான வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே போய் ஊசி டப்பாவை எடுத்து வந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் நாலாவது முறைதான் நூல் ஊசிக்குள் போனது.

முக்காலியை இழுத்து, பிரம்பு நாற்காலிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பட்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கைய நீட்டுடா" என்றாள்.