ரூபீனாவுக்குக் கொடுக்காத கத்தரிக்காய்

மொட்டைமாடியில் அன்று நான்கு பேர் இருந்தோம். அய்யாதுரையாகிய நான், என் மனைவி பேச்சியம்மாள், மகன் சுரேஷ்குமார், கீழ்வீட்டு அப்துல் சமதின் மனைவி ரூபீனா.

ரூபீனாவுக்கு இது ஏழாம் மாதம். எங்கள் மாடிக் கத்தரிக்காய்மேல் ஆசை வந்து, மூச்சு வாங்கப் படியேறி வந்திருந்தாள். முறம் நிறையப் பறித்தும் விட்டாள்.

அசோக் நகரில் எங்கள் காய்கறிக் கடைப் பலகையில் என் பெயருக்குக் கீழே 'மருந்தடிக்காத காய்' என்று எழுதியிருக்கிறது. நம்பாதவர்களை இங்கே அழைத்து வந்து இந்தச் செடிகளைத்தான் காட்டுவோம்.

நான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

நேற்றுக் காலைவரை இலையடியில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சி நூல் கட்டிக் கிடந்தது. வேப்பெண்ணெய்க்கு அது அசையவே இல்லை. இன்று ஒன்றுகூடக் காணோம்.

இலையை மூக்கருகே கொண்டுபோனேன். பூச்சிமருந்து வாடை.

அதை அடித்தால் சில நாட்களுக்குக் காயைப் பறிக்கவே கூடாது. மாடிக் கதவின் சாவி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முறத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கொடுப்பதற்கில்லை என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் பலகையில் இருக்கும் பெயர் என்னாவது?

"என்ன செய்யுதிய? புள்ளத்தாச்சி ஆசப்பட்டுக் கேக்கா," என்றாள் பேச்சியம்மாள்.

"இன்னா நைனா, என் கை பட்டா உங்க செடி பட்டுப்பூடுமா?"

ரூபீனா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். அவள் போனதும் செடிகளை வேரோடு பிடுங்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை.

இப்போதெல்லாம் அப்துல் சமத் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முஸ்லிம் வீட்டுப் பெண் தொட்டுவிட்டாள் என்று அய்யாதுரை செடியையே பிடுங்கி எறிந்துவிட்டார் எனத் தெருவில் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அது உண்மையில்லை. அந்தக் காயில் மருந்து இருந்தது. அடித்தவன் என் மகன் சுரேஷ்குமார்.