ஆற்றங்கரை அணியின் கோப்பை

மரங்கொத்திக்கு ஆற்றங்கரை கிரிக்கெட் அணி என்றால் உயிர். அந்த அணி தன் சிறந்த ஆட்டக்காரனான முயலை மலையடி அணிக்குக் கொடுத்துவிட்டுக் கீரியை வாங்கியதும் மரங்கொத்தி கொதித்துப் போனது. "கீரிக்கு பேட்டைப் பிடிக்கவே தெரியாதே! இவங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்று மரத்துக்கு மரம் போய்ப் புலம்பியது.

அந்த வருடம் மலையடி அணி கோப்பையை வென்றது. கொஞ்ச நாளில் குட்டு உடைந்தது. மெதுவான பந்து வந்தால் ஒரு விசில், வேகப்பந்து என்றால் இரண்டு விசில் என்று ஒரு மைனா கிளையிலிருந்து முயலுக்குத் துப்புக் கொடுத்திருக்கிறது.

"கோப்பையைப் பிடுங்குங்க ஐயா! முயலை இனிமே ஆடவே விடாதீங்க!" என்று நடுவரான எருமையிடம் போய்க் கத்தியது மரங்கொத்தி.

மைனா சிரித்தது. "அண்ணே, போன வருஷம் உங்க ஆற்றங்கரை ஜெயிச்சதும் என் விசிலாலதான். பக்கத்துக் கிளையில உட்கார்ந்து, 'என்னமா பாடுது'ன்னு ரசிச்சீங்களே!"

"வா, போயிடலாம்" என்று சக ரசிகனான அணில் மரங்கொத்தியின் சிறகைப் பிடித்து இழுத்தது. அந்த வெற்றியைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் மகிழ்ந்திருந்தது மரங்கொத்தி. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஐயா, எங்க கோப்பையையும் எடுத்துக்குங்க."

"நீ யார் பக்கம்டா?" என்று அலறியது அணில்.

"ஆற்றங்கரைப் பக்கம்தான்" என்றது மரங்கொத்தி. "அது ஒரு தடவையாவது நிஜமா ஜெயிக்கிறதைப் பார்க்கணும்."