ஐந்தாவது கடிகாரம்

சிறப்புப் பள்ளியின் வகுப்பறை அலமாரியைப் பயிற்சி ஆசிரியை திறந்தாள்.

உள்ளே நான்கு அட்டைக் கடிகாரங்கள். கல்லூரியிலிருந்து சேவைப் பயிற்சிக்கு என்று வருடத்துக்கு ஒருத்தியாக வந்துபோன அக்காக்கள் செய்தவை. நான்கும் ஒரே மாணவிக்காக.

கை நடுங்கும், பேச்சு இழுக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. ஒவ்வொரு வருடமும் மணி பார்க்கக் கற்றுக்கொள்வாளாம். விடுமுறை முடிந்து வந்தால் சுத்தமாக மறந்திருப்பாளாம். பாவம்.

ஐந்தாவது கடிகாரத்தை ஜிகினாத் தாள் ஒட்டி இவள் செய்திருந்தாள். மூன்று வாரமாகத் தொண்டை வறளக் கத்தியும் ஆயிற்று. சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பே புத்தகத்தை மூடிவைக்க மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. முள் மண்டையில் ஏறவில்லை.

இன்று பேராசிரியை மதிப்பெண் போட வந்திருக்கிறார். போன முறை வேறொரு பள்ளியில் இவள் தேறவில்லை. இன்றும் கோட்டைவிட்டால் ஆசிரியர் சான்றிதழ் கிடையாது.

பேராசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பயிற்சி ஆசிரியை முள்ளை மூன்றேகாலில் வைத்தாள். "சொல்லுடா செல்லம், மணி என்ன?"

"ஆறு."

தப்பு. சின்ன முள்ளைத் தொட்டுக் காட்டினாள்.

"பன்... னெண்டு."

போச்சு. பெரிய முள்ளையும் தொட்டுக் காட்டினாள்.

சிறுமி ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மூணே... கால்" என்றாள்.

பேராசிரியை எழுந்தேவிட்டார். "நாம கொடுக்க வர்றோம்னு நினைக்கிறோம். உண்மையில இந்தக் குழந்தைங்கதாம்மா நமக்குக் கத்துக்கொடுக்கறாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

பயிற்சி ஆசிரியை சிறுமியைத் தாவிக் கட்டிக்கொண்டாள்.

"ஃபுல் மார்க்தானேக்கா?" சிறுமி இழுத்து இழுத்துச் சொன்னாள். "மேடம் எப்பவும் மூணாவது தடவைதான் அழுவாங்க. மொதல்லயே சரியாச் சொன்னா, இந்தப் பொண்ணுக்கு முன்னாடியே தெரியும்னு மார்க்கைக் கொறச்சிடுவாங்க."

கட்டிக்கொண்ட கை தளர்ந்தது.

"அடுத்த வருஷம் நான் பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவேன்ல? அதான் என் எடத்துக்கு இவளைப் பழக்கிட்டிருக்கேன்."

பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூன்றாம் வகுப்புச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். சிறுமி முள்ளை நாலு நாற்பதுக்குத் திருகி, ஜிகினாக் கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"சொல்லுடி, மணி என்ன?"

"நாலு நாப்பது" என்றாள் சின்னவள், பட்டென்று.

சிறுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாக்கா? இவளை நம்பி ஒரு அக்காவாச்சும் வர முடியுமா?"