லோஜினியைக் கேட்டு வந்தவர்கள்

வீட்டு வாசலோடு இருந்த இஸ்தோப்பில் இரண்டு கதிரை போட்டும் நிரஞ்சன் உட்காரவில்லை. மற்றக் கதிரையில் வியாகுலம் சேர் இருந்தார்.

வியாகுலம், லோஜினி படிக்கும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர். நிரஞ்சன், ஹட்டனில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்கும் கழகத்தின் பயிற்சியாளர். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு ஏறும் பாதையில்தான் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள்.

ஜீவராணி தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு வாசலில் நின்றாள்.

இருவரும் கேட்டு வந்தது அவளுடைய மகளை.

அடுத்த சனிக்கிழமை கண்டியில் பள்ளிக்கூடங்களுக்கான மாகாண இறுதிப் போட்டி. அதே சனிக்கிழமை கொழும்பில் கழகத்துக்கு ஆட்டம். தேசிய அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

வியாகுலம் சேர் மெதுவாகத்தான் தொடங்கினார். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை என்றார். லோஜினி இல்லாமல் போனால் மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் சும்மா நின்றுவிட்டு வருவார்கள் என்றார். அவர்களும் இதே மாதிரி லயத்துப் பிள்ளைகள்தானே என்று கேட்டார்.

நிரஞ்சன் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் பார்க்காவிட்டால் லோஜினிக்கு வயது கடந்துவிடும் என்றார். இந்த மலையில் இப்படியொரு இடது காலை அவர் கண்டதில்லையாம். நோர்ட்டன் பிரிட்ஜில் மழைக்குள் நடந்த ஆட்டத்தில் பாதி மைதானத்திலிருந்து பந்தைத் தனியாகக் கொண்டுபோனாளாம். மூன்று பேரைத் தாண்டினாளாம்.

வியாகுலம் சேருக்குப் பொறுக்கவில்லை. தானும் அன்றைக்கு அங்கேதான் நின்றதாகவும், தாண்டியது நான்கு பேரை என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஜீவராணியை மறந்துபோனார்கள். சரிவான பள்ளிக்கூட மைதானத்தில் மேட்டைப் பார்த்து அடித்துப் பழகியதால்தான் அந்தக் காலுக்கு அத்தனை பலம் என்றார் ஒருவர். பலம் இருந்து என்ன, எப்போது அடிக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிகிறதே, அதை யார் சொல்லிக்கொடுத்தது என்றார் மற்றவர்.

அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து ராக்காயி எட்டிப் பார்த்தாள். பெண் கேட்டு வந்து சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஜீவராணிக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் புருஷனுக்குப் போன் எடுத்தாள். ஆண்டியப்பன் பாதிவரைக்கும் கேட்டான். நீயே பார்த்து முடிவு சொல் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மகளைக் கூப்பிட்டாள். லோஜினி உள்ளே கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். காலையிலிருந்தே வயிற்றுவலி என்றிருந்தாள். நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

சேர்மார் இரண்டு பேர் வாசலில் இருக்கும்போது பிள்ளை எழுந்துகூட வரவில்லை. ஜீவராணிக்கு வெட்கமாகப் போயிற்று. தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா பிள்ள கேக்கும்," என்றார் வியாகுலம் சேர்.

நிரஞ்சனும் அதைத்தான் சொன்னார். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கண்டிக்கு என்று சொன்னால் மகளுடைய வாழ்க்கைக்குத் தானே குறுக்கே நின்றதாக ஆகும். கொழும்புக்கு என்று சொன்னால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் முகத்திலும் எப்படி முழிப்பது? நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் நாளைக்கு இதே நேரம் வருவதாகச் சொல்லிவிட்டு, தள்ளித் தள்ளி நடந்து படியிறங்கினார்கள்.

ஜீவராணி ஆத்திரத்தோடு உள்ளே போனாள். படிப்பும் விளையாட்டும் இருந்து என்ன, வந்தவர்களுக்கு மரியாதை தெரியவில்லையே என்று பேசிக்கொண்டே கம்பளியை இழுத்தாள்.

லோஜினியின் இடது முழங்கால் இருந்த இடம் தெரியவில்லை. தொடையிலிருந்து கீழ்வரைக்கும் ஒரே வீக்கம்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்தில் பயிற்சி, பின்னேரம் கழகத்தில் பயிற்சி. இரண்டு பேரின் மனமும் நோகக் கூடாதென்று இந்த மாதம் முழுவதும் அவள் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் ஓடி வந்து திரும்பும்போது முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி, ஆட்டோவில் லயத்தடிவரை வந்திருக்கிறாள்.

வினோதாவுக்கும் இதே சத்தம்தான் கேட்டது என்றாள்.

வினோதாவை ஜீவராணிக்குத் தெரியும். முந்தின வருடம் லோஜினியோடு விளையாடிய பிள்ளை. முழங்காலில் ஒப்பரேஷன் செய்து, இப்போது நன்றாக நடக்கிறாள். பந்தை மட்டும் பிறகு தொடவில்லை.

ஜீவராணி அந்தக் காலைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சேர்மாரைக் கூப்பிட்டால் உதவி செய்வார்கள். கீழே பாதையில் அவர்களுடைய பேச்சுச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கு ஓடப் பார்த்தாள்.

லோஜினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்புடாதீங்கம்மா. நாளைக்கும் வந்து இந்தக் காலப் பத்திப் பேசட்டும்."