உரிக்காத சைக்கிள்

இன்றைக்கும் கத்தி பட்டது விதுசாவின் சைக்கிளில்தான். முன்சில்லைத் தாங்கும் இரண்டு கால்களிலும் சுற்றியிருந்த பொலித்தீன் மேலிருந்து கீழாகக் கிழிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கேதீஸ்வரி குந்தியிருந்து பார்த்தாள். டயரில் குத்து இல்லை. பெயின்றில்கூடக் கீறல் விழவில்லை.

"மூண்டாவது தரம்மா," என்றாள் விதுசா. "டியூசன் வாசல்ல விட்டுட்டு உள்ளுக்க போனன். வந்து பாத்தா இப்பிடிக் கிடக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணகை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்ட மகன்ட சைக்கிளையும் போன கிழமை கீறிக் கிடந்துகா. புதுசாப் பாத்துத்தான் கீறுறான். இண்டைக்குப் பொலித்தீன், நாளைக்கு டயர். பிறகு..." அவள் விதுசாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"வாயக் கழுவுகா மச்சாள்," என்றாள் கேதீஸ்வரி. ஆனால் அவளுக்கும் அந்த 'பிறகு'தான் நெஞ்சில் நின்றது.

அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் விதுசாவுக்குப் படிப்பு இல்லை. வீடு வாவியின் மேற்கே படுவான்கரையில், உயர்தர வகுப்பு வாவிக்கு அப்பால், கிழக்கே எழுவான்கரையில். தினமும் துறை வரைக்கும் மிதித்து, சனத்தையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் படகுப்பாதையில் சைக்கிளோடு ஏறி, அக்கரையில் இறங்கி மறுபடி மிதிக்க வேண்டும். மாரியில் துறைக்குப் போகும் தெருவையே வாவித் தண்ணீர் மூடிவிடும். உப்புத் தண்ணீருக்குள்ளால்தான் போய்வருவாள்.

நல்ல சைக்கிளின் விலையில் பாதிதான் இதற்கு. "நாளாந்தம் ஓட இது தாங்குமா தம்பி?" என்று வாங்கும்போதே கேட்டாள்.

"ஓடத்தானே அக்கா சைக்கிள், பூசைக்கு வைக்கவா?" என்று சிரித்தான் கடைக்காரன். "பொலித்தீனக் கழட்டாம விடுங்க. வருசம் போனாலும் புதுசாத்தான் இருக்கும்."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் விட்டிருந்தார்கள்.

"எனக்கு அந்த வல்லிபுரத்தாரிலதான் ஐமிச்சம்," என்றாள் கண்ணகை.

வல்லிபுரம் கதிரவெளிப் பக்கமிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவர். துறையடியில் ஒரு கொட்டிலில் தனியாக இருந்து, கிழிந்த வலைகளைக் கூலிக்குப் பொத்துகிறவர். அவருடைய வளவுக்குள் முன்சில்லு இல்லாத ஒரு லேடிஸ் சைக்கிள் வேலியில் சாய்ந்திருக்கும். அதை அவர் திருத்தவுமில்லை, விற்கவுமில்லை.

"தனி ஆம்பிளைக்கு என்னத்துக்குகா லேடிஸ் சைக்கிள்?" என்று கண்ணகை கேட்டாள். கேதீஸ்வரி மகளை வீட்டுக்குள் போகச் சொன்னாள்.

சைக்கிள் வாங்கிவந்த அன்றும் படகுப்பாதையில் அந்த மனிதர் இருந்தார். சைக்கிளையே நெடுநேரம் பார்த்தார். "அந்த உறைய உரிச்சுப்போட்டு ஓடச் சொல்லு புள்ள," என்றார்.

"ஏன், எங்கட புதுசு உங்கட கண்ணக் குத்துதோ?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. சனம் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் யாரோடும் சைக்கிளைப் பற்றிப் பறையவில்லை.

கேதீஸ்வரி கிழிந்த பொலித்தீனை இழுத்து எடுத்தாள். ஹேண்டிலுக்குக் கீழேயிருந்து பழுப்புத் தண்ணீர் அவள் கையில் வடிந்தது. வாவிச் சேறென்று நினைத்துச் சீலையில் துடைத்துவிட்டு, புதுப் பொலித்தீனை இரண்டு மடங்காகச் சுற்றி, டேப் போட்டு இறுக்கினாள். கண்ணூறு படாமல் இருக்க ஹேண்டிலில் ஒரு தேசிக்காயும் கட்டினாள்.

சனிக்கிழமை பின்னேரம் மகளுக்குத் தெரியாமல் டியூசன் கொட்டிலின் பின்பக்கம் போய் நின்றாள். கையில் ஒரு விறகுக்கட்டை. உள்ளே ஆசிரியரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் நின்றன.

வல்லிபுரம் வந்தார். வலை அறுக்கும் கத்தி அவர் கையில் இருந்தது. பழைய சைக்கிள்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே தேசிக்காய் கட்டிய சைக்கிளுக்கு வந்து, முழங்காலை ஊன்றி, கத்தியை வைத்து இழுத்தார்.

கேதீஸ்வரி பாய்ந்து அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தாள். "டேய்! உரிச்சு உரிச்சு என்னடா பாக்காய்? இந்தக் கத்தி என்ட புள்ளையில எப்ப விழும், சொல்லு!"

வகுப்பு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. விதுசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஓங்கிய கட்டையைப் பார்த்தும் வல்லிபுரம் ஓடவில்லை, கையால் மறைக்கவுமில்லை.

"அடி, பறவாயில்ல," என்றார். "முதல்ல இதப் பார்."

முன்கால்கள் இரண்டும் ஹேண்டிலுக்குக் கீழே ஒன்றுசேரும் இடத்தில் கத்தி நுனியை வைத்தார். அழுத்தவில்லை. தண்ணீரில் ஊறிய பாண் துண்டுக்குள் போவதுபோல் கத்தி உள்ளே போனது. அவர் அதை வெளியே எடுத்தபோது துரு செதில் செதிலாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்னால் அதே பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

கேதீஸ்வரியின் கையிலிருந்த கட்டை தானாக இறங்கியது. இன்றைக்கும் இதில்தான் மகள் வந்தாள். அன்றைக்குச் சீலையில் துடைத்த கறை, கழுவியும் போகாமல் கிடந்ததை அவள் குனிந்து பார்த்தாள்.

"வெளியால மினுங்கும்," என்றார் வல்லிபுரம். "உப்புத்தண்ணி உறைக்குள்ள போனா வெளிய வர வழியில்ல, இரும்ப அரிச்சிரும். பள்ளத்தில இறங்கக்குள்ள ஒரே முறிவு. பின்னால லொறி வந்தா..."

விதுசா வந்து தாயின் கையைப் பிடித்தாள். கேதீஸ்வரி கட்டையைக் கீழே போட்டாள்.

"அண்ணே... உங்கட வளவுக்க நிக்கிற அந்தச் சைக்கிள் ஆர்ட?"

அவர் கத்தியை மடித்து மடிக்குள் செருகினார்.

"என்ட மகள்ட. உரிக்க வேணாமெண்டு நான்தான் அவளுக்குச் சொன்னன்."